சந்தனப் பொட்டு வைத்த சர்வர்

கணினிப் பராமரிப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் சார் என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் எதை எப்படி நிறுவுவது, எந்தக் கட்டளையை எங்கே கொடுப்பது என்றெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அதையெல்லாம் என்னைவிட நன்றாகவே நீங்கள் செய்வீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. வேலையில் இருந்தபோது என் கோபத்தில் பாதியைத்தான் காட்ட முடிந்தது. மீதிப் பாதி இன்னும் அப்படியே இருக்கிறது. அதைத்தான் இங்கே இறக்கி வைக்கப் போகிறேன்.

இந்தத் தொழிலில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் ஒன்று உண்டு. "ஓடுதுல்லா வே, பின்ன என்ன?" நீங்களும் கேட்பீர்கள். சென்னையில் இருந்தால் வேறு மாதிரி சொல்வார்கள், பெங்களூரில் இருந்தால் ஆங்கிலத்தில் சொல்வார்கள். பொருள் ஒன்றுதான். எதுவும் செய்ய மாட்டேன், நீ வாயை மூடு என்று பொருள்.

நான் கடைசியாக வேலை பார்த்தது பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில். பெயர் வேண்டாம். அங்கே மாடிப்படிக்குக் கீழே, ஒரு ஆள் திரும்பினால் முழங்கை சுவரில் இடிக்கிற அறையில் ஒரு சர்வர், அதாவது மற்றக் கணினிகளுக்கெல்லாம் தாய்க் கணினி, இருந்தது. நோயாளியின் பெயரைப் பதிவதும், சீட்டுக் கொடுப்பதும், காப்பீட்டுக்கு விவரம் தயாரிப்பதும் எல்லாம் அதன் தலையில்தான். அதில் இருந்த இயங்குதளத்தை, அதைச் செய்த நிறுவனமே கைகழுவி வருஷங்கள் ஆகியிருந்தன. புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் கிடையாது. வைரஸ் தடுப்பு மென்பொருள்காரர்களும் அந்த வெர்ஷனுக்கு எங்களிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சீட்டுப் போடும் மென்பொருளை எழுதிய கம்பெனியோ கடையை மூடிவிட்டுப் போயே போய்விட்டது. அந்த மென்பொருள் அந்தப் பழைய இயங்குதளத்தில் மட்டும்தான் ஓடும். அதுவும் சர்வரின் வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்கில், முன்பு நிறுவியபடியே இருக்கும்வரைதான் ஓடும். வேறு இடத்தில் நிறுவ வேண்டுமானால் அனுமதிச் சாவி வேண்டும். சாவி கொடுக்க ஆள் இல்லை.

ஒருமுறை இயங்குதளக் கம்பெனியின் உதவி மையத்துக்குப் போன் போட்டேன். எடுத்த பையன், "சார், அந்த வெர்ஷனை இன்னும் யாராச்சும் வெச்சிருக்காங்களா?" என்று கேட்டான். போனைக் கையால் மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிச் சிரித்தது எனக்கு நன்றாகவே கேட்டது. அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. சிரிக்கக்கூடிய விஷயம்தான் அது. எங்கள் கட்டடத்தில் யாருக்குமே சிரிப்பு வரவில்லை என்பதுதான் என் கோபம்.

நான் என்ன செய்தேன்? ஒட்டுப் போட்டேன். அந்த சர்வரை இணையத்தில் இருந்து பிரித்து வைத்தேன். பென் டிரைவ் செருகும் துளைகளை எல்லாம் அடைத்தேன். விசிறி நின்றால் மதுரையில் பழைய சாமான் கடைகளில் தேடி அதே அளவில் ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். தினமும் விவரங்களை நகல் எடுத்து வைத்தேன். ஆனால் அந்த நகலைத் திறக்கவும் அதே பழைய சர்வர்தான் வேண்டும். ஆகவே அந்த வட்டை அச்சு அசலாக, இயங்குதளம் மென்பொருள் எல்லாவற்றோடும் சேர்த்து ஒரு முழு நகல் எடுக்க வேண்டும், அதற்கு சர்வரை அணைக்காமல், பதிவுக் கவுண்டர் வேலையை மட்டும் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க அனுமதி கொடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். பலமுறை கேட்டேன்.

"கவுண்டரை நிப்பாட்டச் சொல்லுதீரா? வெளிய கூட்டத்தைப் பாத்தீரா?"

"ஞாயித்துக்கிழமை எடுக்கேன் அண்ணாச்சி."

"ஞாயித்துக்கிழமை நோயாளி வரமாட்டானா? ஓடுதுல்லா வே. ஓடுததைப் போட்டு நோண்டாதேயும்."

மேனேஜர் அண்ணாச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. வாட்ச்மேன் மகளின் கல்யாணத்துக்கு முதல் ஆளாக நின்றவர். கணக்கில் ஒழுங்கு, நேரத்தில் ஒழுங்கு, நெற்றியில் திருநீறு. ஆனால் கண்ணுக்குத் தெரிகிற பொருளுக்குத்தான் அவர் அறிவு வேலை செய்யும். சுவரில் விரிசல் விட்டால் கொத்தனாரைக் கூப்பிடுவார். ஆம்புலன்ஸ் டயர் தேய்ந்தால் அன்றே மாற்றுவார். இயங்குதளம் தேய்ந்துவிட்டது என்று சொன்னால், எங்கே தேய்ந்திருக்கிறது காட்டும் என்பார். காட்ட முடியாது. அதனால் தேயவில்லை.

இனி ஆயுத பூஜை. நீங்கள் எல்லோரும் பொரி கடலை வாங்கித் தின்று வளர்ந்தவர்கள்தான். அன்றைக்குக் கருவிகளுக்கு ஓய்வு. துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூப்போட்டு, கற்பூரம் காட்டிவிட்டால் மறுநாள் விஜயதசமி காலையில் நல்ல நேரம் பார்த்துத்தான் திரும்ப எடுக்க வேண்டும். எனக்கும் அந்த நாள் பிடிக்கும். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் சேரன்மகாதேவி வீட்டில் அன்று புத்தகத்தைத் தொடக்கூடாது என்பதால் எனக்கு அதைவிட நல்ல பண்டிகை கிடையாது. பூஜையைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன், பிறகு யாரும் வந்து சண்டை பிடிக்காதீர்கள்.

மருத்துவமனையில் ஸ்கேன் மெஷினுக்கும் ஜெனரேட்டருக்கும் ஆம்புலன்சுக்கும் பூஜை நடக்கும். சர்வருக்கும் நடக்கும். நகல் எடுக்க நிறுத்தச் சம்மதிக்காத மேனேஜருக்கு, பூஜைக்கு மட்டும் அதையும் அணைத்து ஓய்வு கொடுக்க வேண்டும் என்று ஆசை. நான் விடமாட்டேன். வருஷக் கணக்கில் நிற்காமல் சுழலும் வட்டு அது. சூட்டிலேயே ஓடிப் பழகியது. அணைத்து ஆறவிட்டால் திரும்ப எழும் என்று சொல்ல முடியாது. இதை ஒவ்வொரு பூஜைக்கும் அவரிடம் விளக்கினேன். "அணைச்சா எந்திரிக்காது அண்ணாச்சி" என்று பச்சையாகவே சொன்னேன். திரையை மட்டும் அணைத்துவிட்டு, மேஜைமேல் சந்தனம் வைத்துப் பூஜையை முடிப்போம். சர்வரை அணைக்கும் பித்தானுக்குமேல் 'தொடாதே' என்று கொட்டை எழுத்தில் ஒரு தாளும் ஒட்டியிருந்தேன்.

அந்த வருஷம் பூஜைக்கு நான் ஊரில் இல்லை. களக்காட்டில் என் மச்சினன் வீட்டுக்குப் போயிருந்தேன். மதியத்தோடு டயாலிசிஸ் முறைகளை முடித்துக்கொண்டு, மேனேஜர் ஆட்களோடு தட்டும் கற்பூரமுமாக அந்தப் படிக்கட்டு அறைக்கு வந்திருக்கிறார். திரை இருட்டாக இருந்தது, சரி. ஆனால் பெட்டியில் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. ஓய்வு நாளில் விளக்கு எதற்கு? அத்தோடு, பொட்டு வைக்க முகப்பில் இடம் வேண்டும் அல்லவா? இடம் எங்கே இருந்தது தெரியுமா? நான் ஒட்டிய தாள் இருந்த இடத்தில். கிழித்தார்கள். பித்தானை அழுத்தி அணைத்தார்கள். அணைத்த பித்தானின் மேலேயே, அழகாக, வட்டமாக, சந்தனம் குங்குமம் வைத்தார்கள்.

மறுநாள் காலையில் என் போன் அடித்தது. மேனேஜர்.

"வே, சர்வரு மேலுக்கு முடியாத மாதிரி முனங்குது. டிக் டிக்குங்கு. நானும் அமுக்கி அமுக்கிப் பாக்கேன்."

"எதை அமுக்குதீரு?"

"பித்தானைத்தான்."

எனக்கு வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது. "அண்ணாச்சி, கையை எடும். இனிமே அதைத் தொடாதேயும். யாரையும் தொட விடாதேயும்" என்று சொல்லிவிட்டு, கட்டியிருந்த வேட்டியோடு சேரன்மகாதேவி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். வழி முழுக்க இரண்டு பக்கமும் வயல். அன்றைக்கு எதுவும் என் கண்ணில் படவில்லை. மனதுக்குள் வட்டு, மோட்டார், கம்பி, சூடு, இதேதான் ஓடிக்கொண்டிருந்தது.

மருத்துவமனை வாசலில் இறங்கி, மாடிப்படி அறையைப் பார்த்து நடந்தவன், வரவேற்புக் கூடத்தில் நின்றுவிட்டேன். ஒரு நாற்காலியில் பிலோமினாம்மா உட்கார்ந்திருந்தார்கள். உவரி என்ற கடற்கரை ஊர்க்காரர்கள். வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிசுக்கு வருகிறவர்கள், அதனால் எனக்கு முகம் தெரியும். அவர்கள் கணவர் சூசை கடலுக்குப் போகிறவர். மனைவியின் முறை வரும் நாளில் மட்டும் போகமாட்டார். அன்றும் விடியுமுன்னே பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். அந்த அம்மாவின் கால் இரண்டும் வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. சூசை துண்டால் விசிறிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா, இன்னும் உள்ள போகலையா?" என்றேன்.

சூசைதான் பதில் சொன்னார். "சர்வரு டவுனாம் சார். சீட்டு இல்லாம மிசின்ல ஏத்தமாட்டாவளாம். காலைல இருந்து இந்தா வந்துரும், இந்தா வந்துரும்ங்காவ. அதை நம்பித்தான் இங்கனயே கெடக்கோம். வராதுன்னு சொல்லியிருந்தா வேற எங்கனயாச்சும் கொண்டு போயிருப்பம்லா."

பிலோமினாம்மா என்னைப் பார்த்தார்கள். பேச மூச்சு இல்லை. பாதிப் பாதியாகத்தான் சொல்ல முடிந்தது.

"எய்யா... ஒங்க மிசினு படுத்துக்கிட்டா... நானும் படுத்துக்கணுமா?"

காப்பீட்டில் வருகிறவர்களுக்கு சர்வரில் பதிந்து சீட்டு வந்தால்தான் டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்று மேனேஜர் ஒரு சட்டம் போட்டிருந்தார். டயாலிசிஸ் வார்டுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். மெஷின்கள் எல்லாம் நன்றாக இருந்தன. தண்ணீர் இருந்தது, மின்சாரம் இருந்தது, விரித்த படுக்கைகள் காலியாக இருந்தன. டாக்டர் காலையிலேயே பார்த்து எழுதியும் கொடுத்துவிட்டார். வார்டுப் பொறுப்பில் இருந்த சிஸ்டர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"சார், மெஷின் ரெடி. நான் ரெடி. டாக்டர் ஆர்டர் ரெடி. ஒரு துண்டுச் சீட்டுக்காகக் காத்துக்கெடக்கேன். சீட்டு இல்லாம ஏத்துனா மெமோ குடுப்பேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. இப்ப பத்து நிமிசத்துல வந்துரும், ஏத்தாதீங்கன்னு மூணு தடவ போன் பண்ணிட்டாரு. ஒங்க பத்து நிமிசம் எப்ப சார் முடியும்?"

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். அந்த அம்மாவை மூச்சுத் திணற வைத்தது செத்துப்போன வட்டு இல்லை. 'பத்து நிமிஷம்' என்ற சொல். சர்வர் வராது என்று காலையிலேயே ஒருவர் தைரியமாகச் சொல்லியிருந்தால், சிஸ்டர் வேறு வழி பார்த்திருப்பார், சூசை வேறு மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருப்பார், யாராவது பேனாவை எடுத்திருப்பார்கள். 'இதோ வந்துவிடும்' என்றதால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நம் தொழிலில் இதுதான் பெரிய வியாதி. பிரச்சினை என்னவென்று தெரியாதபோதும் ஒரு நேரம் சொல்லிவிடுகிறோம். கேட்பவர் முகம் வாடாமல் இருக்கட்டும் என்று சொல்கிறோம். அந்தப் பொய்யை நம்பி வெளியே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று போய்ப் பார்ப்பதில்லை.

வரவேற்புக் கூடத்துக்குத் திரும்பினேன். மேனேஜர் என்னைக் கண்டதும் ஓடி வந்தார். "வந்துட்டீரா? வாரும், வாரும், சட்டுன்னு எழுப்பி விடும்."

நான் நகரவில்லை. கூடத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். "அண்ணாச்சி, சர்வரு இன்னைக்கு வராது."

"பாக்காமலே சொல்லுதீரே!"

"பாத்தாலும் அதையேதான் சொல்லுவேன். இன்னைக்கு வராதுன்னு வச்சு நடத்தும். சீட்டைக் கையால எழுதச் சொல்லும்."

"கையாலயா? காப்பீட்டுக்காரன் ஒத்துக்கிட மாட்டான் வே."

"அவசரப் பிரிவுல கையாலதான எழுதுதாவ?"

"அது அவசரம்லா."

எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் தோளைப் பிடித்து பிலோமினாம்மா பக்கம் திருப்பினேன். "அந்தா பாரும். அந்த அம்மா மூச்சு விடுததைப் பாரும். இது அவசரம் இல்லேன்னா, எது அவசரம்னு நீரே சொல்லும். பொறவு யாராச்சும் கேட்டா, சர்வர் ஆளுதான் வராதுன்னு சொன்னான், அவன் பேச்சைக் கேட்டுத்தான் செஞ்சேன்னு என் தலையில போடும்."

அவர் பார்த்தார். அதுவரை அந்தப் பக்கமே திரும்பாதவர் அப்போதுதான் பார்த்தார் என்பது என் எண்ணம். அவர் ஏதாவது சொல்வதற்குள் சிஸ்டர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கவுண்டரில் இருந்த பெண் ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்துப் பெயரை எழுதிக் கொடுத்தாள். அவ்வளவுதான். காலையில் இருந்து நடக்காத காரியம், தாளைக் கிழிக்கிற நேரத்தில் நடந்துவிட்டது. சூசை செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

அதற்குப் பிறகுதான் மாடிப்படி அறைக்குப் போனேன். சர்வர் கழுத்தில் செவ்வந்தி மாலை. முன்னால் வாழைப்பழம், பொரி. பித்தான் மேலிருந்த சந்தனம் காய்ந்து, அமுக்கி அமுக்கி, பித்தானின் இடுக்கெல்லாம் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி எடுக்கும்போது அழுகையும் சிரிப்புமாக வந்தது. வட்டைக் கழற்றி, மேஜைமேல் வைத்து, மதியம் வரை அசையாமல் கிடக்கட்டும் என்று அப்படியே விட்டேன். இது தட்டி எழுப்புகிற காரியம் இல்லை. பைய விட்டுப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் அதற்கு உள்ளே இருக்கும் உயிரில் கொஞ்சம் போகும். காலையில் இருந்து மேனேஜர் அமுக்கியதில் எவ்வளவு போனது என்று யாருக்குத் தெரியும்? மிச்சம் இருப்பது ஒரே ஒரு தடவைக்குத்தான் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஆகவே அது எழுந்தால் என்ன செய்வது என்பதை, எழுவதற்கு முன்னாலேயே தீர்மானித்தேன். கவுண்டருக்குக் கொடுக்கமாட்டேன். முழு நகல் எடுப்பேன். வேறு எதுவும் செய்யமாட்டேன். புதிய வட்டைப் பக்கத்தில் தயாராக இணைத்து வைத்துவிட்டு, மதியம் சாய்ந்ததும் மின்சாரம் கொடுத்தேன்.

எழுந்தது. முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு தடவை திக்கியது, பிறகு சீரான அந்தப் பழைய சத்தம். அந்தச் சத்தம் கதவுக்கு வெளியே நின்ற மேனேஜருக்கும் கேட்டுவிட்டது.

"வந்துட்டு! வந்துட்டு! லே, கவுண்டரைத் தொறங்க!"

நான் கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். அவர் தட்டினார். முதலில் கெஞ்சினார். "கூட்டம் நிக்கி வே, ஒரு மணி நேரம் மட்டும் குடும், பொறவு நகல் எடும்." பிறகு திட்டினார். "யாரு ஆஸ்பத்திரி வே இது? ஒம்ம அப்பன் வீட்டு மெசினா?" திரையில் நகல் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே கூட்டம் உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டத்துக்கு இப்போது கையால் எழுதிய சீட்டு இருக்கிறது. பழக்கம் இல்லாததால் மெதுவாகப் போகிறது, ஆனால் போகிறது. உள்ளே இருக்கும் வட்டுக்கு மாற்று இல்லை. பிலோமினாம்மாவும் அவர்களைப் போன்றவர்களும் இத்தனை வருஷமாக வந்து போன விவரம் எல்லாம் அதற்குள்தான். அதை ஒரு மணி நேர சௌகரியத்துக்காகப் பணயம் வைக்க நான் தயாராக இல்லை.

சாயங்காலம் நகல் முடிந்தது. வட்டை அணைத்தேன். பிறகு ஒரு ஆசைக்கு மறுபடி போட்டுப் பார்த்தேன், எழவில்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே அது எழவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுத எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருந்திருக்காது. அந்த நகலை வைத்து ஒரு புதிய கணினிக்குள் பழைய சர்வரை அப்படியே ஓட வைத்தேன். உடம்பு புதிது. உள்ளே அதே கைகழுவப்பட்ட இயங்குதளம், அதே அடைக்கப்படாத ஓட்டைகள். இது தற்காலிகம், உடனே எல்லாவற்றையும் புதிய அமைப்புக்கு மாற்ற வேண்டும் என்று சொன்னேன். மேனேஜர் புதிய பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் ஜம்முன்னு ஓடுதே வே. பின்ன என்ன?"

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியதை இதே கண்ணால் பார்த்த மனிதர்! அன்றைக்கு ஒன்று விளங்கியது. நான் ஒட்டுப் போடப் போட, அவர்களுக்கு நிம்மதி கூடுகிறது. விசிறி நின்றால் இவன் மாட்டிவிடுவான், வட்டு செத்தால் இவன் எழுப்பிவிடுவான், பிறகு எதற்குச் செலவு என்று என் கைத்திறமையைக் காட்டியே காரியத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். நான் திறமையாகச் செய்த வேலையை வைத்தே என் வாயை அடைக்கிறார்கள். எவ்வளவு பெரிய அநியாயம் இது!

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில், பெரிய டாக்டர் முதற்கொண்டு எல்லோரும் இருந்தபோது எழுந்து சொன்னேன். "அடுத்த தடவை இது விழுந்தால் நான் எழுப்ப மாட்டேன். என்னால் முடியாது என்பதால் இல்லை, எழுப்பக்கூடாது என்பதால். இதை விழுவதற்கு முன்னாலேயே, எல்லோர் முன்னிலையிலும் சொல்லி வைக்கிறேன். அன்றைக்கு வெளியே யார் உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதை நீங்களே இப்போது முடிவு செய்துகொள்ளுங்கள்." பக்கத்தில் இருந்த சிஸ்டர், யாரும் கேட்காமலேயே, பிலோமினாம்மா அன்று கேட்ட கேள்வியை அதே வார்த்தைகளில் சொன்னார். பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மேனேஜரைப் பார்த்து, "இது எனக்கு ஏன் தெரியாது?" என்றார். பணம் அந்த வாரமே ஒதுக்கப்பட்டது. ஒரு மருத்துவமனைக்குப் புதிய இயங்குதளம் வாங்க, ஒரு மனுஷி சாகக் கிடந்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

மாற்றிய விதத்தை எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். புதிய அமைப்பைக் கொண்டுவந்த கம்பெனிக்காரர்கள் திரையில் வரிசையாகப் பச்சை விளக்கைக் காட்டி, எல்லாம் முடிந்தது சார், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். நான் போடவில்லை. இரண்டு காரியம் செய்தால்தான் போடுவேன் என்றேன். ஒன்று, உவரிக்கார அம்மா தன் முறைக்கு வந்து, சீட்டு வாங்கி, டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போக வேண்டும். இரண்டு, அவர்கள் உள்ளே இருக்கும்போதே நான் சர்வரின் மின்கம்பியைப் பிடுங்குவேன். பக்கத்தில் தயாராக நிற்கும் மாற்று சர்வர் உடனே வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும், கவுண்டரில் இருப்பவளுக்கு அது தெரியவே கூடாது. கம்பெனிப் பையனுக்கு வேர்த்துவிட்டது. "லைவ்லயா சார்?" என்றான். "பூஜை அன்னைக்கு மேனேஜர் கேட்டுக்கிட்டா அணைச்சாரு தம்பி?" என்றேன். பிடுங்கினேன். கவுண்டர் நிற்கவில்லை. அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். கவுண்டர் மேஜையில் கையால் எழுதும் சீட்டுக் கட்டு ஒன்றும் நிரந்தரமாக வைக்கச் சொன்னேன், புதியதும் ஒருநாள் பழையதாகும் என்பதால்.

நான் ஓய்வு பெற்ற நாளில் விழா வைத்தார்கள். பொன்னாடை போர்த்தி, மேனேஜர் மைக் பிடித்தார். "காலாவதியான சர்வரை இத்தனை வருசம் ஒத்தை ஆளா ஓட வச்ச மனுசன். இவரு மாதிரி ஆளு கெடைக்காது" என்றார். மனதாரத்தான் சொன்னார். கைதட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஓட வைத்ததற்கா பாராட்டு? ஓட வைக்கும்படி விட்டதற்கு யாராவது வெட்கப்பட்டிருக்க வேண்டும். அந்தச் சர்வரை ஓட வைத்ததில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை, நிறுத்தியதில்தான் இருக்கிறது என்று மைக்கில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கைதட்டல் கொஞ்சம் குறைவாகத்தான் விழுந்தது.

பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பிலோமினாம்மாவும் சூசையும் இறங்கினார்கள். அன்று அவர்கள் முறை. ஏதாவது பேசுவார்கள் என்று நின்றேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை. கவுண்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தி, "சீட்டு வந்துட்டும்மா, உள்ள போங்க" என்றாள். பிலோமினாம்மா நடையைக்கூடக் குறைக்காமல், சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, நேராக வார்டுக்குள் போய்விட்டார்கள். அந்த நாற்காலி காலியாகவே இருந்தது.

நம் வேலை இவ்வளவுதான். ஒரு நோயாளி நிற்காமல் உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான். அந்த அற்பக் காரியத்துக்கு ஒரு பெண் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மூச்சுக்குத் தவிக்க வேண்டியிருந்தது. அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீங்களும் மன்னிக்காதீர்கள்.